பிள்ளைகளின் போன் விளையாட்டு: துப்பாக்கியை மட்டும் பார்த்தால் போதாது

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த முஸ்லிம் வீட்டில் பேச்சுக் கொடுத்தாலும், பிள்ளைகள் குறித்து வரும் முதல் புகார் போன்தான். "எந்நேரமும் கேம்", "பாங்கு சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டேங்கிறான்", "போனைப் பிடுங்கினால் சாப்பிட மறுக்கிறான்" என்று தாய்மார்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் "என்ன கேம் ஆடுகிறான்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஏதோ துப்பாக்கி சுடுறது."

அந்த "ஏதோ" என்ன என்று தெரிந்துகொள்ளாமல் அறிவுரை சொல்வதில் பயனில்லை. எனவே நம் பகுதிப் பிள்ளைகள் அதிகம் ஆடும் சில விளையாட்டுகளை நாமே ஆடிப் பார்த்தோம். அதில் கண்டதைப் பெற்றோர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஹலால், ஹராம் என்று தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு.

விளையாட்டு மார்க்கத்துக்கு எதிரானதா?

இல்லை. பெருநாள் அன்று மஸ்ஜிதுன் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியதையும், அதை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்ப்பதற்கு நபி (ஸல்) அவர்கள் துணை நின்றதையும் புகாரி பதிவு செய்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் இறக்கை வைத்த குதிரைப் பொம்மை வைத்திருந்ததும், அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் உள்ளது. குழந்தையின் கற்பனையையும் விளையாட்டையும் மதித்த மார்க்கம் இது.

அதே மார்க்கம் சூதாட்டத்தைக் கடுமையாகத் தடுத்தது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் அதற்கான காரணத்தையும் சொல்கின்றன. சூது மக்களிடையே பகையை மூட்டுகிறது. இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கிறது. எந்த விளையாட்டையும் உரசிப் பார்க்க நமக்குக் கிடைத்த உரைகல் இதுவே. பணம், பகை, தொழுகை ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு இனி விளையாட்டுகளுக்குள் போவோம்.

பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர்

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021இல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவுக்கென்று வந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் அனுமதி பெற்றது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைக்கு உள்ளானது. ஆனால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைக்கிறது. அதாவது, தடை வந்தபோதும் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பெயர்தான் மாறியது.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு தீவில் ஆட்கள் இறங்குவார்கள், கடைசிவரை உயிரோடு இருப்பவர் வெற்றி பெறுவார். பி.ஜி.எம்.ஐ.யில் நூறு பேர், ஒரு ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், ஆட்டம் இன்னும் சீக்கிரம் முடியும்.

ஆடிப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நால்வர் அணியில் ஒருவன் போனை வைத்தால் மற்ற மூவரும் தோற்கும் நிலை வரும். "இதோ முடிஞ்சிடும்மா" என்று பிள்ளை சொல்வது எப்போதும் சாக்குப்போக்கு அல்ல. ஆட்டமே அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கிடைப்பது ஒன்றேகால் மணி நேரம். இரண்டு ஆட்டம் ஆடினால் அது தீர்ந்துவிடும். குர்ஆன் ஓதவும் வீட்டுப் பாடம் எழுதவும் இருந்த நேரம் அது.

துப்பாக்கிச் சத்தத்தைவிட நம்மை யோசிக்க வைத்தது பெட்டிகள். பி.ஜி.எம்.ஐ.யில் 'யூசி', ஃப்ரீ ஃபயரில் 'டைமண்ட்' என்று காசு கொடுத்து வாங்கும் நாணயம் உண்டு. அதைக் கொடுத்துப் பெட்டியைத் திறக்கலாம், சக்கரத்தைச் சுழற்றலாம். நல்ல உடையோ துப்பாக்கி அலங்காரமோ வரலாம்; ஒன்றுக்கும் உதவாத பொருளும் வரலாம். பணம் கொடுக்கும்போது என்ன கிடைக்கும் என்று தெரியாது. "அடுத்த தடவை விழும்" என்ற நப்பாசையில் மறுபடி பணம் போட வைப்பதே அதன் வேலை. இது எதைப் போல இருக்கிறது என்று பெற்றோர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தை மீறுபவை என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே அறிவித்தது.

ஈமான் சார்ந்த எச்சரிக்கையும் உண்டு. 2020 ஜூனில் பப்ஜி மொபைலில் வந்த காட்டுப் பகுதி ஆட்டத்தில், ஒரு சிலையின் முன் மண்டியிட்டால் சக்தி கிடைக்கும் என்று வைத்திருந்தார்கள். அரபு நாடுகளின் முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. 2021 நவம்பரில் 'கால் ஆஃப் டியூட்டி: வான்கார்ட்' விளையாட்டில் குர்ஆன் பக்கங்கள் தரையில் சிதறிக் கிடப்பதாகக் காட்டியதற்கும் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இரண்டையும் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஆடியவர்களே. நம் பிள்ளை ஒன்றைப் பார்த்தால், பயப்படாமல் நம்மிடம் வந்து சொல்லும் நிலையை நாம் வைத்திருக்கிறோமா?

இரத்தமே இல்லாத தோட்டம்

சிறு பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ரோப்ளாக்ஸில் 'க்ரோ எ கார்டன்' ஆடுகிறார்கள். 2025இல் உலகம் முழுக்கப் பரவிய விளையாட்டு இது. விதை வாங்கி, நட்டு, விளைந்ததை விற்று, மீண்டும் விதை வாங்க வேண்டும். துப்பாக்கி இல்லை, இரத்தம் இல்லை. பார்க்கும் தாய் நிம்மதியடைவார்.

ஆனால் விதைக் கடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சரக்கு மாறும். அரிய விதை எப்போது வரும் என்று தெரியாததால் பிள்ளை கடையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. முட்டை வாங்கினால் எந்தப் பிராணி வரும் என்பதும் அதிர்ஷ்டம்தான். 'ரோபக்ஸ்' என்ற நாணயத்தைக் காசு கொடுத்து வாங்கினால் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டம் என்ற பெயரில் பெட்டித் திறப்பும் கடிகாரமும் இங்கேயும் இருக்கின்றன. அதோடு, ரோப்ளாக்ஸில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே இடத்தில் ஆட நேரும். பிள்ளைகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டித் துருக்கி 2024 ஆகஸ்டில் ரோப்ளாக்ஸை முடக்கியது.

கேரம் போர்டும் கேரம் பூலும்

இதை வடசென்னைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கேரம் நம் தெருவின் விளையாட்டு. சென்னையின் மரிய இருதயம் இருமுறை உலகச் சாம்பியன் ஆகி, 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார் காசிமா. புது வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் அவர், வயது அப்போது பதினேழு. தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கியது. அல்ஹம்துலில்லாஹ், நம் சமுதாயப் பெண் பிள்ளை!

இப்போது போனில் உள்ள கேரம் பூலைத் திறந்து பாருங்கள். அதே பலகை, அதே ஸ்ட்ரைக்கர், அதே சிவப்புக் காய். ஆனால் ஆட்டத்துக்குள் நுழையவே நாணயம் கட்ட வேண்டும். இருவரும் கட்டியதை வென்றவர் எடுத்துக்கொள்வார். பெரிய மேசைக்குப் போனால் பந்தயமும் பெரிது. நாணயம் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும். லூடோ கிங்கிலும் இதே முறைதான். அதில் பகடை வேறு. பகடை ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் முஸ்லிமில் இருப்பதால், பந்தயம் இல்லாவிட்டாலும் அதைத் தவிர்க்கச் சொல்லும் அறிஞர்கள் பலர்.

வெறும் விளையாட்டு நாணயம்தானே என்று கேட்கலாம். ஆனால் "கட்டு, ஜெயித்தால் இரட்டிப்பு" என்ற பழக்கம் பத்து வயதில் விரலில் ஏறிவிடுகிறது. பதினெட்டு வயதில் அதே விரல் ரம்மி செயலியைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? பலகைக் கேரமில் கைப்பழக்கமும் கணக்கும் பொறுமையும் வளர்கின்றன. எதிரே இருப்பவன் முகம் தெரிந்த நண்பன். பாங்கு சொன்னால் காய்களை அப்படியே விட்டுவிட்டுத் தொழுதுவிட்டு வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆன்லைன் சூதாட்டத்தால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்துத் தமிழகம் தனிச் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமானது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை விதித்த விதிகளை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

ஆனால் இச்சட்டங்கள் குறிவைப்பது பணம் போட்டுப் பணம் எடுக்கும் ஆட்டங்களை. யூசி, டைமண்ட், பெட்டி போன்றவற்றைப் பெயர் சொல்லி அவை தடுக்கவில்லை. அந்த இடத்தில் காவல் நிற்க வேண்டியது வீடுதான்.

நல்லது ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. மைன்கிராஃப்டில் பிள்ளைகள் கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டுகிறார்கள். தனியாக ஆடினால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். 2023இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தை, பைத்துல் ஹிக்மாவோடு சேர்த்துக் காட்டுகிறது. அதன் வரலாற்றுக் குறிப்புகள் அருமை. ஆனால் கதை கொலையைச் சுற்றியது, பெரியவர்களுக்கானது.

நம் மனத்தில் நின்றது ஒரு சிறிய விளையாட்டு. 2014 காஸா போரில் தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடும் தந்தையைப் பற்றி, ஃபலஸ்தீனரான ரஷீத் அபூ ஈதா 2016இல் வெளியிட்ட 'லைலா'. அது விளையாட்டே அல்ல என்று ஆப்பிள் நிறுவனம் முதலில் மறுத்து, எதிர்ப்புக்குப் பின் ஏற்றுக்கொண்டது. அதில் நாணயம் இல்லை, பெட்டி இல்லை. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து ஆடினால், முடிந்த பிறகு பேச நிறைய இருக்கும்.

பெற்றோர்கள் செய்ய வேண்டியவை

1. ஒருமுறையாவது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஆடச் சொல்லிப் பாருங்கள். எங்கே காசு கேட்கிறது என்பதைக் கவனியுங்கள்.

2. பல வீடுகளில் உம்மாவுக்காகப் பணம் அனுப்புவதே மகன்தான். துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும், வளைகுடாவில் இருக்கும் தகப்பன்மார்களின் வீடுகளில் இது சகஜம். யுபிஐ ரகசிய எண் பிள்ளைக்குத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள்.

3. "பாங்கு சொன்னதும் நிறுத்து" என்பதைவிட "பாங்குக்கு அரை மணி நேரம் இருக்கையில் புது ஆட்டம் தொடங்காதே" என்பது நடக்கக்கூடிய விதி.

4. பி.ஜி.எம்.ஐ.யில் 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளுக்கு மூன்று மணி நேர வரம்பு உண்டு. பிள்ளை வயதைக் கூட்டிக் கொடுத்தால் அது வேலை செய்யாது. கணக்கில் என்ன வயது உள்ளது என்று பாருங்கள்.

5. கட்டுப்பாடு இழந்து, படிப்பும் தூக்கமும் கெட்டும் ஆட்டத்தை விட முடியாத நிலை நீடித்தால், உலக சுகாதார நிறுவனம் அதை நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. அடிப்பது மருந்தல்ல. 14416 என்ற டெலி மானஸ் மனநல எண்ணை அழைக்கலாம். பணம் பறிபோனால் 1930.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மக்கள் வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. இப்படிப்பட்ட ஊரில் பிள்ளையை வெளியே அனுப்பப் பயந்து போனைக் கொடுக்கும் தாயைக் குறை சொல்ல முடியாது. போனைப் பிடுங்கினால் அந்தக் கைக்கு வேறு என்ன கொடுப்பது? பள்ளிவாசல் வளாகத்திலோ மதரஸா மண்டபத்திலோ அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே இரண்டு கேரம் பலகைகள் போட்டு, பந்தயம் இன்றி, பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் நடத்தலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். அடுத்த காசிமா நம் மஹல்லாவிலேயே இருக்கலாம்.

ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரண்டு அருட்கொடைகளில் மனிதர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள் என்பது நபிமொழி. நம் பிள்ளைகளின் அந்த இரண்டையும் பாதுகாக்கும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.