வண்டியின் உயரமும் வில்லின் கணக்கும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கிழக்கே திரும்பிப் பாமன்கடைப் பக்கம் செல்லும் மோட்டார் வண்டிகளைச் சற்று நின்று கவனிப்போர் ஒரு வேற்றுமையைக் காண்பர். சில வண்டிகள் நிலத்தினின்று நன்கு உயர்ந்து நிற்கின்றன. சில முதுமையால் ஒரு பக்கம் சாய்ந்து ஊர்கின்றன. இன்னுஞ் சில வேண்டுமென்றே தாழ்த்தப்பட்டு, நிலத்தைத் தடவிச் செல்வனபோலத் தோன்றுகின்றன. அழகுக்காகத் தாழ்த்துவோரும் உண்டு. பள்ளத்துக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி உயர்த்துவோரும் உண்டு. இருசாராரும் பெரும்பாலும் அறியாத உண்மை ஒன்றுண்டு. வண்டியின் உயரத்தை மாற்றுவோர் அதன் நடை, திருப்பம், நிறுத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்தே மாற்றுகின்றனர் என்பதே அது.

உயரத்தைச் சீர்செய்தல் புதிய கலையன்று. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டி நெடுங்காலம் கொழும்புத் தெருக்களில் குடும்ப வண்டியாகவும் வாடகை வண்டியாகவும் ஓடியது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதன் முன்புறத்தில் சுருள்வில்லை வைக்கவில்லை. நீண்ட உருக்குக் கம்பி ஒன்றை வண்டியின் நீளவாக்கில் இட்டு, அக்கம்பி முறுகித் தரும் விசையாற் பாரத்தைத் தாங்கச் செய்தார். கம்பியின் பின்முனையிலுள்ள நெம்புகோலை வேறு துளைக்கு மாற்றினால், தளர்ந்த முன்புறம் மீண்டும் நிமிரும். பழைய கராஜ்காரர் பலருக்கு இது கைவந்த வேலை.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் அவ்வேலையைச் செய்வது ‘கொயிலோவர்’ எனப்படும் கூட்டமைப்பு. அதிர்ச்சியை அடக்கும் ‘சொக் அப்சோபர்’ குழாயைச் சுற்றிச் சுருள்வில் அமைந்திருக்கும். குழாயின் வெளிப்புறத்தில் மரை வெட்டப்பட்டிருக்கும். வில்லின் அடியைத் தாங்கும் வளையம் அம்மரையில் ஏறியிறங்கும். அதன் கீழே பூட்டு வளையம் ஒன்று அதனை இறுக்கிப் பிடிக்கும். தாங்கு வளையத்தை மேலே திருகினால் வண்டி உயரும். கீழே திருகினால் தாழும்.

வளையத்தை மேலே ஏற்றினால் வில் கடினமாகிவிடும் என்று பலர் எண்ணுவர். அது தவறு. ஒரு வில் 50 கிலோகிராம் பாரத்துக்கு 10 மில்லிமீற்றர் அமிழ்கிறதென்று கொள்வோம். அதன்மேல் 300 கிலோகிராம் பாரம் இருப்பின் அது 60 மில்லிமீற்றர் அமிழ்ந்து நிற்கும். வளையத்தை 20 மில்லிமீற்றர் உயர்த்திய பின்னரும் பாரம் அதே 300 கிலோகிராம்தான். ஆதலின் வில்லின் அமிழ்வும் அதே 60 மில்லிமீற்றர்தான். வில் மாறவில்லை, அது நிற்கும் இடமே உயர்ந்தது.

மாறுவது வேறொன்று. சில்லு மேலெழுவதற்கும் கீழிறங்குவதற்கும் உள்ள இடைவெளியே மாறுகிறது. தாழ்த்திய வண்டியில் சில்லு மேலெழ இடம் குறையும். வீதியின் வேகத்தடையிலோ குழியிலோ மோதும்போது வில் தன் வேலையை முடிக்குமுன்னரே றப்பர்த் தடுப்பில் இடிக்கும். அளவுக்கு மீறித் தாழ்த்தினாலோ, சில்லு தொங்கும்போது வில் தளர்ந்து தன் இருக்கையை விட்டு விலகவுங்கூடும். மிக உயர்த்தினால், சில்லு பள்ளத்தில் இறங்கி நிலத்தைப் பற்றுவதற்கு வேண்டிய இடம் குறைந்துபோகும்.

மற்றொரு கணக்கும் உண்டு. வில் சில்லுக்கு நேர்மேலே நில்லாது, அதனைத் தாங்கும் கையின் இடையில் ஊன்றியிருப்பின், வளையத்தின் சிறு அசைவு சில்லிற் பெரிதாகத் தோன்றும். கையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் வில் நிற்குமானால், வளையத்தை 10 மில்லிமீற்றர் ஏற்ற, வண்டி ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் உயரும். ஆதலின் வளையத்தை அளந்தால் மட்டும் போதாது. வண்டியையே அளத்தல் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு ரயர்களின் காற்றையும் முதலிற் சரிபார்க்க வேண்டும். வழக்கமாக ஏற்றும் பாரத்தையும் கருத வேண்டும். தனியே அலுவலகம் செல்பவரின் வண்டியும், குடும்பத்தோடும் பெட்டிபடுக்கைகளோடும் யாழ்ப்பாணம் செல்பவரின் வண்டியும் ஒரே உயரத்தில் நில்லா. பின்னர்ச் சில்லின் நடுவிலிருந்து அதன் மேலுள்ள தகட்டின் விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அதன்பின்னரே ஜக்கை வைத்து உயர்த்தல் தகும். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே தலையை நீட்டுவது உயிருக்கே ஆபத்து. உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இருத்திய பின்னரே கைவைக்க வேண்டும்.

வெள்ளவத்தைபோன்ற கடலோரப் பகுதியில் உப்புக்காற்று மரையைத் துருப்பிடிக்கச் செய்துவிடும். மண்ணையும் துருவையும் தூரிகையாற் போக்கி, எண்ணெயிட்ட பின்னரே வளையங்களைத் தளர்த்த வேண்டும். ஒரு முழுச்சுற்றுக்கு வளையம் எவ்வளவு ஏறுகிறதென்று அறிந்து, இடமும் வலமும் சுற்றுகளை எண்ணித் திருப்புதல் நன்று. வண்டியை இறக்கியவுடன் அளந்தால் அளவு பிழைக்கும். சற்று முன்னும் பின்னும் உருட்டி, மேலிருந்து அழுத்திவிட்டு, அது தன் நிலையில் அமர்ந்த பின்னரே அளக்க வேண்டும். அளவு சரியெனக் கண்டபின் பூட்டு வளையத்தை இறுக்குவதே முறை.

ஒரு மூலையை மட்டும் உயர்த்துவோர் மேசையின் இயல்பை நினைவிற் கொள்ளுதல் நலம். நாற்கால் மேசையின் ஒரு காலின் கீழ் கடதாசி மடித்து வைத்தால், அக்காலும் அதற்கு மூலைவிட்டமாக எதிரேயுள்ள காலும் பாரத்தை மிகுதியாகத் தாங்கும். மற்ற இரண்டும் இலேசாகும். வண்டியும் அவ்வாறே. கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும் வண்டி, மழை நனைத்த வீதியில் பிறேக்கை அழுத்தியதும் ஒரு பக்கம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

உயரம் மாறியதும் சில்லுகளின் சாய்வும் நோக்குந் திசையும் மாறும். அவற்றைச் சீர்செய்யாது விட்டால் ரயரின் ஓரம் விரைவில் தேயும், ஸ்டியரிங்கும் நிலைகொள்ளாது. பிறேக் எண்ணெய்க் குழாய் இழுபடுகிறதா, எதிலும் உரசுகிறதா என்று நோக்க வேண்டும். தாங்கு கைகளின் றப்பர்ப் பூண்களைச் சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால் அவை முறுகிக் கிழியும். வண்டி தன் பாரத்தோடு நிற்கையிலேயே இறுதியாக இறுக்க வேண்டும். முன்விளக்குகளையும் மறத்தலாகாது. முன்புறம் உயர்ந்தால் ஒளி எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். தாழ்ந்தால் வழி குறுகும்.

பந்தய வண்டியைத் தாழ்த்துவதற்குக் காரணம் உண்டு. புவியீர்ப்பு மையம் தாழ்ந்தால், திருப்பத்திற் பாரம் ஒரு பக்கம் சரிவது குறையும். ஆயினும் பந்தயத்தடம் வழவழப்பானது. அடைமழையில் நீர் தேங்கும் நகர வீதி அத்தகையதன்று.

இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டியைப் பேணுதல் பல குடும்பங்களுக்கு வேறு வழியில்லாத கடமையாயிற்று. தளர்ந்த வில்லை உடைய வண்டியில், வளையத்தை ஏற்றி உயரத்தை மீட்பது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது. முறிந்த வில்லையும் எண்ணெய் கசியும் சொக் அப்சோபரையும் மாற்றிய பின்னரே உயரத்தைப் பற்றி எண்ணுதல் தகும்.

ஈற்றில், வண்டிக்கு ஏற்ற உயரத்தைச் சொல்வது அயலார் கண்ணன்று. அது செல்லும் வீதியும், சுமக்கும் பாரமும், உள்ளே அமர்ந்திருப்போரின் நலமுமே அதனைச் சொல்லும். அளந்து, எண்ணி, மீண்டும் அளப்போர் அதனைக் கேட்டறிவர்.