கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது

2014 முதல் 2018 வரை, மகளிர் டென்னிஸின் ஆண்டிறுதிப் போட்டி காலாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கில் நடந்தது. செரினா வில்லியம்ஸில் தொடங்கி ஸ்விடோலினா வரை ஆண்டுக்கு ஒருவர் அங்கே கோப்பையைத் தூக்கினார். சானியா மிர்சா இரட்டையர் பட்டத்தை இரண்டு முறை வென்றதும் இங்கேதான்: 2014இல் காரா பிளாக்குடன், 2015இல் மார்ட்டினா ஹிங்கிஸுடன்.

அந்த ஆட்டங்களில் என்னை மிகவும் கட்டிப்போட்டது பக்கம் மாறும்போது வரும் 90 நொடி இடைவேளை. மகளிர் போட்டிகளில் அப்போது செட்டுக்கு ஒருமுறை பயிற்றுநரைத் திடலுக்குள் அழைத்துக்கொள்ளலாம். அவர் ஓடி வந்து நாற்காலிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பேசுவார். சட்டையில் ஒலிவாங்கி இருப்பதால் தொலைக்காட்சியில் பேச்சு கேட்கும். எங்கே சர்வ் போடு, எந்தப் பக்கம் அவள் தடுமாறுகிறாள், இன்னும் ஓரடி முன்னால் நில். பெரும்பாலும் இவ்வளவுதான். மணிக்கட்டை இப்படித் திருப்பு, முழங்கையை அப்படி வை என்ற பேச்சு அநேகமாக இருக்காது. பல ஆண்டுகள் தாமே மட்டை பிடித்தவர்கள்கூட அதைத் தொடுவதில்லை. அதற்கான காரணம் நம் உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதற்குள் இருக்கிறது.

டென்னிஸ் திடலின் நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் சர்வ், காற்றிலும் தரையிலும் வேகம் இழந்தாலும், எதிரில் நிற்பவரை ஏறக்குறைய அரை நொடியில் எட்டிவிடும். கண்ணால் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்கவே 0.2 நொடி போய்விடுகிறது. மீதி நேரத்தில் நகரவும் வேண்டும், மட்டையை வீசவும் வேண்டும். பந்து மட்டையின் நரம்பில் தங்குவதோ ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடி மட்டும். கையிலிருந்து மூளைக்குச் செய்தி போவதற்குள் பந்து வலையைத் தாண்டும் வழியில் இருக்கும். அடிக்கும் கணத்தில் யோசித்துத் திருத்த இடமே கிடையாது.

அப்படியென்றால், தாம் என்ன செய்கிறோம் என்பது ஆட்டக்காரருக்குத் தெரியுமா? அமெரிக்காவின் விக் பிரேடன் இதைத் தோண்டிப் பார்த்தார். அவரும் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநராக மாறியவர், 2014இல் மறைந்தார். ஃபோர்ஹேண்டில் பந்துக்கு மேல்சுழற்சி கொடுக்க மணிக்கட்டைப் பந்தின் மேல் உருட்டுவதாகப் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் சொன்னார்கள். மனதார நம்பியும் சொன்னார்கள். அதிவேகப் படங்களை அலசியபோது வேறொன்று தெரிந்தது. பந்து மட்டையில் படும் நேரத்தில் மணிக்கட்டு அநேகமாக அசைவதில்லை. அந்த உருட்டல் நடப்பது பந்து போன பிறகு. உலகின் மிகச் சிறந்த கைகளுக்குச் சொந்தக்காரர்களே தங்கள் கை செய்வதைத் தவறாக விவரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. ஓய்வு பெற்று மறுநாளே பயிற்றுநராகும் ஒருவர் எவ்வளவு கடினமான இடத்தில் நிற்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அவரிடம் இருக்கும் செல்வம் உண்மையானது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல முயலும்போது வருவது பெரும்பாலும் ஊகம்.

ஆட்டக்காரர் பயிற்றுநராவதற்கு நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. டி.கே. ராமநாதன் தன் மகன் ராமநாதன் கிருஷ்ணனுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தார். மகன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார், 1960இலும் 1961இலும் அங்கே அரையிறுதிக்குப் போனார். பேரன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரமேஷின் சர்வில் வேகம் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் 1987 டேவிஸ் கோப்பை அரையிறுதியில், சிட்னியில், கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை நேர் செட்களில் வீழ்த்தி இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய முதல்நிலை ஆட்டக்காரர் மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். வேகமில்லாதவர் எப்படி? பந்து எழும்பி உச்சத்துக்குப் போகும் முன்பே, எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கித் திருப்பி அனுப்பினார். அதற்குப் பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். 1993இல் ஓய்வு பெற்று, பிறகு சென்னையில் தந்தையோடு பயிற்சி மையம் நடத்தினார். 2007இல் இந்திய டேவிஸ் கோப்பை அணிக்குத் தலைவராகித் திடலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

முன்கூட்டியே போய் நிற்பதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

அண்மையில், தேக்காவுக்குப் பக்கத்துக் காண்டோ ஒன்றின் திடலில் ஒரு வகுப்பை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். மாலை ஐந்து மணிக்கும் புழுக்கம் குறையவில்லை. நம் ஊர் ஈரத்தில் பந்தின் மேலிருக்கும் கம்பளி உப்பி, பந்து கனத்து மெதுவாகிவிடும். பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி வரிசையாக வலையில் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் தன் கையைக் குனிந்து பார்த்தாள். பயிற்றுநர் கூடையை வைத்துவிட்டு, வலைக்கு மேலே ஒரு கயிற்றைக் கட்டினார். “கையைப் பார்க்காதேம்மா. கயிற்றுக்கு மேலே அனுப்பு, போதும்.” “ஓகே, கோச்.” நாலைந்து பந்துகளில் அவளுடைய மட்டை தானாகவே கீழிருந்து மேலே வீசத் தொடங்கியது. மேல்சுழற்சி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை.

அவர் செய்ததற்கு ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது. கேப்ரியல் வுல்ஃபும் சகாக்களும் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறியில் ஆட்களை ஏற்றிச் சோதித்தார்கள். தங்கள் பாதத்தில் கவனம் வைத்தவர்களைவிட, பொறியின் சக்கரத்தில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். பிறகு பல விளையாட்டுகளில் இதே போக்கு தெரிந்தது. ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் கோல்ஃப் பந்து உருட்டலை வைத்துச் செய்த சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டியது: விதிகளைப் படித்துக் கற்றவர்கள் பதற்றத்தில் தடுமாறினார்கள், விதி ஏதும் அறியாமல் கற்றவர்கள் அவ்வளவாகத் தடுமாறவில்லை. பதற்றம் வந்ததும் மனம் தெரிந்த விதிகளைத் தேடி ஓடி, தானாக நடக்கும் அசைவைக் கலைத்துவிடுகிறது. காலாங்கின் 90 நொடிகளில் மணிக்கட்டு ஏன் பேச்சில் வரவில்லை என்பது இங்கே விளங்குகிறது.

இசை வகுப்பிலும் இதே வழிதான். ஸ்டார்லைட் சாலையிலுள்ள சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் மிருதங்கம் கற்பிப்பவர் விரல் தசைகளைப் பற்றிப் பாடம் எடுப்பதில்லை. வாசித்துக் காட்டி, கேட்டுத் திருப்பி வாசிக்கச் சொல்கிறார். டென்னிஸ் இந்த வழிக்கு வர நெடுநாள் ஆனது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007இல் குழந்தைகளுக்காகச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகளை முன்வைத்தது. சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட 75 விழுக்காடு மெதுவானது, தாழ்வாக எழும்புவது. பிள்ளையின் இடுப்புயரத்தில் பந்து வந்தால் அடி தானாகச் சீராகும். அறிவுரைகளில் பாதி தேவைப்படாது.

முன்கூட்டியே அறியும் திறனுக்கு வருவோம். 1978இல் ஜோன்ஸ், மைல்ஸ் என்ற இருவர் சர்வ் போடும் படத்தைப் பந்து மட்டையில் படுவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, பந்து எங்கே விழும் என்று கேட்டார்கள். தேர்ந்தவர்கள் பந்து கிளம்பும் முன்பே, குருட்டு ஊகத்தைவிட நன்றாகச் சொன்னார்கள். அந்தத் தேர்ந்தவர்கள் தொழில்முறைப் பயிற்றுநர்கள்! கால் தளர்ந்தாலும் இந்தக் கண் போவதில்லை. எட்ட முடியாத பந்து எங்கே விழப்போகிறது என்பது ஐம்பது வயதுக்காரருக்கும் தெரியும்.

அந்தக் கண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கவும் ஒரு சுற்றுவழி உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃபாரோ, அபர்நெதி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இளம் ஆட்டக்காரர்களிடம் சர்வ் காட்சிகளைக் காட்டி, பந்தின் வேகத்தை மட்டும் ஊகிக்கச் சொன்னார்கள். திசையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர்கள் திசையைக் கணிப்பதில் தேறினார்கள். தோளையும் மட்டையையும் கண் தானே படித்துக்கொண்டது. ஆனால் பயிற்சி நின்று ஒரு மாதம் ஆனதும் அந்த முன்னேற்றம் தங்கவில்லை. அதனால்தான் பயிற்றுநர் அடுத்த வாரமும் அதே கூடையோடு, அதே கயிற்றோடு வர வேண்டியிருக்கிறது.