எங்கே சரியாக நடந்தது?

1990 டிசம்பரில் ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக்கும் வியட்நாமில் போய் இறங்கினார்கள். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவைப் போக்க ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு அவர்களை அனுப்பியிருந்தது. அரசு கொடுத்த கெடு ஆறே மாதம். அதற்குள் பலன் தெரியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. வறுமை, நல்ல தண்ணீர் இல்லாமை, சுகாதாரக் குறைவு என்று நிபுணர்கள் ஏற்கெனவே நிறைய எழுதி வைத்திருந்தார்கள். எல்லாமே உண்மை. ஆனால் ஆறு மாதத்தில் வறுமையை ஒழிக்க யாரால் முடியும்? உண்மைதான், உதவாது என்று ஸ்டெர்னின் அவற்றை ஒதுக்கி வைத்தார்.

தான் ஹோவா மாகாணத்தில் நான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, ஊர்க்காரர்களைக் கொண்டே குழந்தைகளை எடை போடச் செய்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை போதவில்லை. அப்போது ஸ்டெர்னின் கேட்ட கேள்வி இதுதான்: மிகவும் ஏழையான வீடுகளில் நன்றாக வளரும் குழந்தை ஏதாவது இருக்கிறதா? இருந்தன. சில வீடுகள்தான், ஆனாலும் இருந்தன.

அந்த வீடுகளின் அடுப்படிக்கே போய்ப் பார்த்தார்கள். அந்தத் தாய்மார்கள் நெல்வயலில் கிடைக்கும் பொடி இறாலையும் நண்டையும் பிடித்து வந்து, சர்க்கரைவள்ளிக் கீரையோடு பிள்ளையின் சோற்றில் சேர்த்தார்கள். காசில்லாமல் கிடைப்பவை, சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்று ஊரார் ஒதுக்கியவை. மற்ற வீடுகளில் தினம் இரண்டு வேளைச் சோறு. இந்த வீடுகளில் அதையே நாலைந்து தடவையாகப் பிரித்து ஊட்டினார்கள். பிள்ளையின் கையைக் கழுவி ஊட்டினார்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் சோற்றை நிறுத்தவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். கண்டுபிடித்ததை மேடை போட்டுச் சொல்லவில்லை. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளின் தாய்மார்களை ஒரு வீட்டில் கூட்டி, தினமும் சேர்ந்து சமைக்க வைத்தார்கள். வருகிறவர் ஒரு கைப்பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும்; அதுதான் நுழைவுக் கட்டணம். இரண்டு வாரம் வயலில் இறங்கிப் பழகிய கை, பிறகும் சும்மா இருக்காது. அந்தக் கிராமங்களில் ஊட்டச்சத்துக் குறைவு வெகுவாகக் குறைந்தது. முறை 250-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் பரவியது.

ஏறக்குறைய இதே கேள்வியை அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வேறு இருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டீவ் டி ஷேசரும், கொரியாவில் பிறந்த அவர் மனைவி இன்சூ கிம் பெர்க்கும் 1978-இல் அங்கே குடும்ப ஆலோசனை மையம் ஒன்றைத் தொடங்கியவர்கள். தினமும் வீட்டில் சண்டை என்று ஒருவர் வந்தால், சண்டை வராத நாளில் என்ன நடந்தது என்று அவர்கள் விசாரிப்பார்கள். நிலைமைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பார்கள். நாலு என்று பதில் வந்தால், பத்து ஏன் இல்லை என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். அவர்கள் கேட்டது, நாலு எப்படி வந்தது, ஏன் இரண்டாக இல்லை என்று. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது. தீர்வு நோக்கிய மனநிலை என்று இன்று அலுவலகப் பயிற்சிகளில் பேசப்படுவதில் சாரமுள்ள பகுதி இதுதான் என்பேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஷிப்மென்ட் தொடர்ந்து தாமதமாகிறது. திங்கட்கிழமை மீட்டிங்கில் பேக்கிங் செக்‌ஷன் தையலைக் கைகாட்டும், தையல் கட்டிங்கை, கட்டிங் சாயப்பட்டறையை. விமானத்தில் அனுப்பிய கூடுதல் செலவு யார் தலையில் விடிகிறது என்பதோடு கூட்டம் முடியும். அதே கூட்டத்தில் ஒருவர், “போன சீசன்ல எந்த ஆர்டர் சொன்ன தேதிக்குப் போச்சு? அதுல என்ன வித்தியாசமா செஞ்சோம்?” என்று கேட்டால் பேச்சின் திசை மாறும். துணி வருவதற்கு முன்பே லேபிளுக்கும் பட்டனுக்கும் பையரிடம் அப்ரூவல் வாங்கி வைத்திருந்தார் அந்த ஆர்டரைப் பார்த்த மெர்ச்சண்டைசர் என்று தெரியவரலாம். அடுத்த ஆர்டரில் அதை எல்லோரும் செய்ய முடியும்.

இப்படிக் கேட்பது அபூர்வமாக இருப்பதற்குக் காரணம், நன்றாக முடிந்த வேலை தடயம் விடுவதில்லை. நேரத்துக்குப் போன ஆர்டருக்கு யாரும் விளக்கக் கடிதம் எழுதுவதில்லை; அது கோப்பில் இருக்காது, ஆளிடம்தான் இருக்கும். அந்த ஆள் பெரும்பாலும் மீட்டிங்குக்கு அழைக்கப்படாதவர். பிலடெல்பியாவின் ஐன்ஸ்டீன் மருத்துவமனையில் மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி பரவுவதைத் தடுக்கப் போராடினார்கள். நோயாளி அறைக்குள் போகிறவர்கள் பயன்படுத்திவிட்டுப் போடும் மேலங்கிகள் குப்பைத்தொட்டியில் நிரம்பி வழிந்தன. நோயாளிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கொண்டுசெல்லும் ஊழியர் ஒருவர், அங்கியைக் கழற்றும்போதே கைக்குள் இறுகச் சுருட்டி, கையுறையை உள்வெளியாகத் திருப்பி அதை அடைத்துவிடுவார். தொட்டியில் விழுவது ஒரு சின்ன உருண்டை. அவரிடம் கேட்ட பிறகு மற்றவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். அவர் பெயராலேயே அந்த முறை வழங்குகிறது.

ஆனால் நம் அலுவலகங்களில் இந்த மனநிலையின் பெயரால் வேறொன்று நடக்கிறது, அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். “பிரச்சினையைக் கொண்டு வராதே, தீர்வைக் கொண்டு வா” என்று மேலதிகாரி சொல்கிறார். தீர்வு தெரியாதவன் வாயை மூடிக்கொள்கிறான். பிரச்சினை அங்கேயே இருக்கிறது, அவருக்குத்தான் தெரிவதில்லை.

தீர்வு இல்லாமல் பிரச்சினையை மட்டும் கொண்டு வந்தவர்களின் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27. பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். வளையம் சேதமான பயணங்களை மட்டும் வைத்துப் பேச்சு நடந்தது. அவற்றில் ஒன்று வெயில் நாளில் நடந்தது என்பதால், குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லாதது போலத் தோன்றியது. பொறியாளர்களின் கருத்தைத் தாண்டி அவர்களது நிர்வாகம் சம்மதித்தது. மறுநாள் காலை ஏவுதளத்தில் ஏறத்தாழ 2 டிகிரி. 73 விநாடிகளில் விண்கலம் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

பிறகு விசாரணைக் குழு சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தபோது நடந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம். 17 டிகிரியும் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் சேதம். எங்கே சரியாக நடந்தது என்ற கேள்வியை அன்றிரவு யாராவது கேட்டிருந்தால், பொறியாளர்களிடம் கேட்ட ஆதாரம் அந்தப் பட்டியலிலேயே இருந்தது.

அவர்கள் கையில் அன்று தீர்வு இல்லை. இணைப்பை மாற்றி வடிவமைத்து, மூன்றாவது வளையமும் சூடேற்றும் அமைப்பும் சேர்த்து, விண்ணோடம் மறுபடி பறந்தது 1988 செப்டம்பர் 29-இல்தான். தீர்வுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. அன்றிரவு அவர்கள் கேட்டதோ, குளிர் குறையும்வரை காத்திருக்கச் சொல்லி மட்டும்தான்.