பழைய படத்தில் ஸ்டேஷன் வேகன்: தகடு சொல்லும் அடையாளம்

1950-களில் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த தம் பெரியப்பா ஒரு ஸ்டேஷன் வேகனின் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். கைபேசிச் செயலி ஒன்று அந்த வண்டியை '1957 செவர்லே நோமட்' என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டதாம். அதை நம்பலாமா என்பது அவர் கேள்வி. ஆண்டையும் கம்பெனியையும் நம்பலாம். பெயரை நம்ப வேண்டாம். படத்தில் உள்ள வண்டிக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கதவுகள். அவ்வாண்டு நோமடுக்கோ மொத்தமே இரண்டு கதவுகள்தாம். இவ்வளவோடு விடையை முடித்துவிடலாமென்றாலும், பழைய மோட்டார்களைப் படம் பார்த்து நிர்ணயிக்கும் வித்தைக்கு ஆதாரம் எஃகுத் தகட்டை வளைக்கும் பௌதிகத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

தட்டையான தகடு ஒன்று மோட்டாரின் கதவாகவோ கூரையாகவோ ஆக வேண்டுமானால், கீழே குழிந்த அச்சும், மேலே அதற்கு இணையாகப் புடைத்த அச்சும் வேண்டும். தகட்டின் விளிம்பை ஒரு சட்டம் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்க, மேலச்சு நூற்றுக்கணக்கான டன் பலத்தோடு அதன்மேல் இறங்குகிறது. சூட்சுமமெல்லாம் அந்த விளிம்புப் பிடியில் இருக்கிறது. பிடி இறுகிவிட்டால், தகடு உள்ளே வழுக்கி வர வகையின்றி மூலையில் கிழிந்துபோகும். தளர்ந்துவிட்டால், துணி கசங்கினாற்போலச் சுருக்கம் விழும். இரண்டுக்கும் நடுவிலுள்ள மிகக் குறுகிய அளவில் பிடித்தால்தான் எஃகு கெட்டித்தன்மையை மறந்து மெல்ல உள்நோக்கி வழிந்து, அச்சின் வடிவத்தை ஏற்கிறது. ஏற்றதை முழுவதும் வைத்துக்கொள்கிறதா என்றால், அதுவும் இல்லை. அச்சு விலகிய கணத்தில், உலோகத்தில் மிஞ்சியிருக்கும் மீள்சக்தி அதைச் சற்றே பின்னுக்கு விரித்துவிடுகிறது. ஆகையால் தகடு எவ்வளவு பின்வாங்கும் என்பதை முன்கூட்டியே அனுமானித்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலான வளைவோடு அச்சை வெட்ட வேண்டியிருக்கிறது. கணிப்பொறி இல்லாத அந்நாளில், அச்சின் முகத்தில் நீலச் சாயம் பூசி, எங்கே ஒட்டுகிறது எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துப் பார்த்து, மேடான இடங்களைக் கையால் தேய்த்து, மாதக்கணக்கில் இந்த வேலையைச் செய்த தொழிலாளிகளின் பொறுமையை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

இந்தப் பிரயத்தனத்தின் விளைவு ஒன்றே: தகடு மலிவு, அச்சு மகா விலை. லட்சக்கணக்கில் அடித்தாலன்றி அச்சுக்கு இட்ட முதல் திரும்புவதில்லை. எனவே கூரை, கண்ணாடிச் சட்டம், கதவு ஆகிய பெரிய அச்சுகளைக் கம்பெனி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மாற்றாமல் வைத்துக்கொண்டு, முன்பக்கக் கிரில், பம்பர், பக்கவாட்டுக் குரோமியப் பட்டை போன்ற சில்லறை உறுப்புகளை மட்டும் ஆண்டுதோறும் மாற்றி, புதிய மாடல் என்று விற்றது.

நம் வீட்டு முறுக்கு நாழியை எடுத்துப் பாருங்கள். பித்தளை நாழி கல்யாணச் சீரோடு வந்தது, ஆயுளுக்கும் ஒன்றே. உள்ளே போடும் வில்லைதான் மாறுகிறது. ஒன்றைப் போட்டால் தேன்குழல், இன்னொன்றைப் போட்டால் ஓமப்பொடி, வேறொன்றைப் போட்டால் ரிப்பன் பக்கோடா. மோட்டாரின் கூடு நாழி, கிரில் வில்லை. அடுத்த வீட்டு அம்மாள் நாழியை இரவல் வாங்கித் தம் வில்லையைப் போட்டுப் பிழிந்துகொள்வதுபோல, செவர்லேயின் கூட்டை அதன் உடன்பிறப்பான பான்டியாக் வாங்கித் தன் முகத்தைப் பொருத்திக்கொண்டது. இன்னும் ஒரு படி போகலாம்: வில்லையின் முள் ஒன்று தேய்ந்திருந்தால் அந்த நாழியில் பிழிந்த ஒவ்வொரு முறுக்கிலும் ஒரு கோடு குறைந்திருக்கும், தின்று பழகியவருக்கு அது யார் வீட்டு முறுக்கென்று தட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மோட்டார் அடையாளம் காண்பவரின் கண்ணும் அப்படிப் பழகிய கண்தான்.

செவர்லேயின் 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டு வண்டிகளுக்கும் அடிப்படைக் கூடு ஒன்றே. 1955-க்குச் சிறிய கட்டங்கள் கொண்ட அடக்கமான கிரில். 1956-ல் அது வண்டியின் முழு அகலத்துக்கும் விரிந்தது. 1957-ல் பின்புறத்தில் கூர்மையான வால்துடுப்பு எழும்பியது. பான்டியாக்கோடு மட்டும் இந்தப் பங்கீடு நின்றுவிடவில்லை. 1959-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனம் பியூக்குக்கென்று வகுத்த முன்கதவை மையமாக வைத்துச் செவர்லே முதல் காடிலாக் வரை ஐந்து பெயர்களிலும் வண்டிகளைச் செய்தது. வானளாவிய துடுப்புள்ள காடிலாக்கும், துடுப்பைப் படுக்கையாக விரித்த செவர்லேயும் முன்கதவளவில் உடன்பிறப்புகள் என்பதை விளம்பரம் சொல்லவில்லை, படங்கள் சொல்கின்றன.

இப்போது வாசகரின் படத்துக்கு வருவோம். துடுப்பும் கிரிலும் 1957 என்று தெளிவாகக் காட்டுகின்றன. அவ்வாண்டு செவர்லேயின் பக்கவாட்டுப் பட்டை, பின்பக்கம் போகும்போது இரண்டாகப் பிரிந்து ஆப்பு வடிவமான ஓரிடத்தை அடைக்கிறது. உயர்ந்த தரமான பெல் ஏரில் அந்த இடத்தில் வரிகள் கொண்ட வெள்ளிநிற அலுமினியத் தகடு இருக்கும்; கறுப்பு வெள்ளையிலும் அது பளிச்சென்று வெளிறித் தெரியும். நடுத்தரமான டூ-டென்னில் அங்கே வெறும் வண்ணப்பூச்சுத்தான். பெரியப்பாவின் முழங்கைக்குப் பின்னால் அந்த இடம் கருமையாகவே இருக்கிறது. ஆகவே இது டூ-டென். நான்கு கதவு வேகன். ஆறு பேர் அமரும் வண்டியானால் டவுன்ஸ்மன், மூன்றாவது ஆசனத்தோடு ஒன்பது பேர் அமர்வதானால் போவில். பின் ஜன்னலில் வானத்தின் பிரதிபிம்பம் விழுந்து ஆசனத்தை மறைத்துவிட்டபடியால், இதற்குமேல் படம் சாட்சி சொல்லாது.

சரித்திரம் கொஞ்சம் வேண்டும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்திலிருந்து பிரயாணிகளையும் பெட்டிகளையும் விடுதிக்குக் கொண்டுசென்ற மரக்கூடு வண்டியே ஸ்டேஷன் வேகனின் மூதாதை. ஃபோர்டு 1929-ல் தன் மாடல்-ஏ வரிசையில் அதைச் சேர்த்துக்கொண்டது. மற்ற வண்டிகளெல்லாம் எஃகுக்கு மாறி, 1935-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கூரையைக்கூட ஒரே தகட்டில் அடிக்கத் தொடங்கிய பின்னும் வேகன் மட்டும் ஏன் மரத்திலேயே இருந்தது? மரத்துக்கு அச்சு வேண்டாம். சில ஆயிரம் வண்டிகளுக்குத் தச்சனே போதும். போருக்குப்பின் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்து வேகனைக் கேட்கத் தொடங்கியதும் கணக்கு மாறியது. 1946-ல் வில்லிஸ் ஜீப் வேகனும், 1949-ல் பிளிமத் சபர்பனும் முழு எஃகில் வந்தன. 1953-ஆம் ஆண்டு பியூக்கோடு பெரிய கம்பெனிகளின் உண்மை மரவேகன் முடிவடைந்தது. ஃபோர்டின் கன்ட்ரி ஸ்குவயர் 1952 முதலே எஃகுதான். அதன் பக்கங்களில் தெரிவது மரம்போல் அச்சிட்டு ஒட்டிய படலம்.

நோமடின் கதைக்கும் இந்த அச்சுக் கணக்கே திறவுகோல். 1954-ல் நியூயார்க் கண்காட்சியில் கார்வெட் முகத்தோடு வைத்த காட்சிவண்டியின் கூரையைச் சாதாரண செவர்லேக்கு ஏற்றியதே நோமட். முன்சாய்ந்த அகன்ற தூணும், பின்கதவில் செங்குத்தான குரோமியக் கோடுகளும் அதன் லக்ஷணம். அழகான வண்டி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கூரைக்கும் கதவுக்கும் தனி அச்சு. மூன்றாண்டுகளில் விற்றதோ 22,000-ஐச் சற்றே தாண்டியது. 1958-ல் கம்பெனி அந்த அச்சுகளைக் கைவிட்டுப் பெயரை மட்டும் காப்பாற்றி, சாதாரண நான்கு கதவு வேகனுக்குச் சூட்டிவிட்டது. ஆகவே 'நோமட்' என்ற எழுத்தைப் பார்த்து வண்டியை அறிய முடியாது. தகட்டைப் பார்த்த பிறகே பெயருக்குப் போக வேண்டும்.

செயலிகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும் பிரமிப்பில் எனக்குப் பங்கில்லை. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 5 கோடித் தெருப் படங்களிலிருந்து 2.2 கோடி மோட்டார்களைக் கணிப்பொறியால் இனம் பிரித்தது பெரிய காரியம்தான். ஆனால் அவர்கள் வகுத்த 2,657 வகைகளும் 1990-க்குப் பிறகு விற்ற வண்டிகள். அந்தத் திறமையைப் பார்த்துவிட்டு 1957-ஆம் ஆண்டு வண்டிக்கும் அதே நம்பிக்கையை நீட்டுவது நியாயமாகாது. பழைய வண்டிகளைப் பொறுத்தவரை நமக்குக் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை கண்காட்சிகளில் துடைத்து மினுக்கி நிறுத்தியவை. அங்கே அரிய நோமடுக்குத்தான் மவுசு. குழந்தைகளையும் நாயையும் ஏற்றிச் சென்று துருப்பிடித்த டவுன்ஸ்மன்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அத்தகைய படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட யந்திரம், ஐயம் வந்தபோதெல்லாம் நோமட் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

வண்டியைக் கொண்டு படத்தின் தேதியை நிர்ணயிக்க முயல்பவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவில் அடுத்த ஆண்டின் மாடல் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். ஆகவே 1957 மாடல் 1956-ன் கடைசி மாதங்களில் எடுத்த படத்திலும் இருக்கலாம், பத்தாண்டு கழித்து எடுத்ததிலும் இருக்கலாம். வண்டி கீழெல்லையை மட்டுமே தரும். அந்தக் கீழெல்லையைத் தருவதில் முகப்பு விளக்குகள் மிக நம்பகமானவை: 1940 மாடல் முதல் அந்நாட்டு வண்டிகள் யாவும் 7 அங்குலக் குறுக்களவுள்ள இரண்டு வட்ட விளக்குகளையே ஏற்றிருந்தன, பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்குகள் 1957-ல் சில வண்டிகளில் தோன்றின, 1958-ல் எங்கும் பரவிவிட்டன.