பன்னீரும் சந்தனமும்

அரியக்குடியில் திருமண வீட்டுக்குச் சென்றால், வாயிலிலேயே பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து வரவேற்பார்கள். ஆடவர் அச்சந்தனத்தைக் கைகளிலும் மார்பிலும் பூசிக்கொள்வர். பன்னீரின் மணம் பந்தியில் அமர்வதற்குள் மறைந்துவிடும். சந்தனமோ வீடு திரும்பிய பின்னும் மணக்கும். இதற்குக் காரணம் என்ன?

பொருளிலிருந்து ஆவியாகப் பிரிந்து நம் மூக்கை வந்தடையும் மூலக்கூறுகளையே மணம் என்று உணர்கிறோம். எளிதில் ஆவியாகுபவை முந்தி வருகின்றன. முந்தித் தீர்ந்தும் போகின்றன. சந்தன எண்ணெயில் மிகுந்துள்ள சாந்தலால் என்னும் பொருள் மெல்ல ஆவியாவது. ஆகவே நின்று மணக்கிறது. வட நாட்டுக் கன்னோசியில் அத்தர் வடிப்போர், மலரின் மணத்தைச் சந்தன எண்ணெயில் ஏற்றி வைக்கும் மரபும் இதனால் எழுந்ததே.

கடைகளில் விற்கும் வாசனைத் திரவியங்களுக்கும் இதுவே விதி. முதலில் எலுமிச்சை போன்ற மணம் எழும். பிறகு மலர் மணம். இறுதியில் எஞ்சுவது கட்டை மணம். ஆதலால், மாணவர்களே, முகர்ந்தவுடன் வாங்கிவிடாதீர்கள். மணிக்கட்டில் ஒரு துளி இட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து முகர்ந்து பாருங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். இடைவிடாது நுகரும் மணத்துக்கு மூக்கு பழகிப்போகும். மணம் போய்விட்டதென்று எண்ணி மேலும் மேலும் பூசி வந்து, வகுப்பில் நகைப்புக்கு ஆளான இளைஞர் சிலரை ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். நமக்குத் தெரியாத மணம் அருகில் இருப்பவருக்குத் தெரியும். அளவறிந்து பூசுவதே அழகு.