டப்பாவுக்குள் ஒரு கௌபாய்!

பழைய மௌன கௌபாய் படங்களைத் தேடிச் சேகரிப்பவர் தகர டப்பாவின் மூடியைத் திறந்ததும் முதல் சோதனை மூக்குக்குத்தான். காரமான நெடி குப்பென்று அடித்தால் அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும் பொல்லாத சரக்கு அது! நெடி இல்லையா? அப்பாடா, சுருளைப் பிரிக்கலாம்.

அடுத்து லென்ஸ். கோடாக் நிறுவனம் ஃபிலிம் ஓரத்திலேயே தயாரிப்பு ஆண்டுக்கு ஒரு குறி போட்டது. வட்டம் 1916, சதுரம் 1917, முக்கோணம் 1918. இருபது வருஷத்துக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்பி வந்தன. சேகரிப்பாளர்களுக்கு அதுதான் ஜாதகம்!

பெயர் அட்டை கிழிந்து போயிருக்கலாம். அதனால் என்ன? ஒரு கையால் மறு முழங்கையைப் பிடித்தபடி ஒருவர் நிற்கிறாரா? அவர் மௌனப்பட கௌபாய் நடிகர் ஹாரி கேரி! பல வருஷம் கழித்து நடிகர் ஜான் வெய்ன், 'தி சர்ச்சர்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியில் அதே மாதிரி நின்று அவருக்கு மரியாதை செய்தார்.

அந்தக் கேரியை வைத்து இயக்குநர் ஜான் ஃபோர்டு 23 வயதில் எடுத்த முதல் முழுநீளப் படம் 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' (1917). தொலைந்தே போனது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, 1966இல் செக்கோஸ்லோவாகியாவின் ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டது! 1910இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எடுத்த 'தி சார்ஜென்ட்' கிடைத்ததோ நியூசிலாந்தில். அந்தக் காலத்தில் படப்பெட்டி ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் சேர்ந்த இடம் அது. திருப்பி அனுப்பக் கப்பல் செலவு கட்டுப்படியாகவில்லை. தியேட்டர் ஆபரேட்டர்களும் சேகரிப்பாளர்களும் பத்திரப்படுத்தியதால் பல படங்கள் பிழைத்தன.

கிட்டத்தட்ட 11,000 அமெரிக்க முழுநீள மௌனப் படங்களில், அசல் வடிவில் முழுதாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்கிறது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 2013 ஆய்வு. ஆகவே, பெயர் தெரியாத ஒவ்வொரு டப்பாவும் உலகின் ஒரே பிரதியாக இருக்கலாம். இந்த வேட்டையின் போதையே அதுதான்!

அசல் பிரதி என்றால் வண்ணமும் கிடைக்கலாம். பட்டப்பகலில் எடுத்த காட்சிக்கு நீலச் சாயம் ஏற்றினால் ராத்திரி. சிவப்பு ஏற்றினால் தீ! கறுப்பு வெள்ளை நகலில் இதெல்லாம் ஏது?

நீங்களும் இன்றே ஆரம்பிக்கலாம். 1903இல் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' சுமார் 12 நிமிடம்தான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே அதை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கொள்ளைக்காரன் உங்கள் முகத்துக்கு நேராகச் சுடும் காட்சியைப் படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ தியேட்டர்காரர்கள் ஒட்டிக்கொள்ளலாம் என்று அன்றே விட்டிருந்தார்கள். அதைத் தவறவிடாதீர்கள்!