மருந்து வீடு தேடி வந்த பிறகு: குடும்பமும் ஊரும் செய்ய வேண்டியவை

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளுக்கு இடையே பல சிற்றூர்கள் உள்ளன. அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ வந்து மாத்திரை பெற்றுத் திரும்ப, பேருந்துக்கும் வரிசைக்கும் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் அரை நாள் கழிந்துவிடும். கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் ஊதிய இழப்பாகும். முதியவர் என்றால், துணைக்கு வருபவரின் ஊதியமும் போய்விடும். இதனாலேயே பலர் உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை இடையில் நிறுத்திவிடுகின்றனர். நிறுத்தியதன் தீங்கு உடனே தெரிவதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ சிறுநீரகச் செயலிழப்போ ஏற்படும்போதுதான் தெரிகிறது.

இந்த இடைவெளியை நிரப்பவே, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 45 வயதைக் கடந்த நோயாளிகளுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் மாதந்தோறும் மருந்து வீட்டிலேயே வழங்கப்படுகிறது. இயன்முறை சிகிச்சை, வலி நிவாரண ஆதரவு சிகிச்சை ஆகியவையும் இல்லத்திலேயே கிடைக்கின்றன. இத்திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

தன்னார்வலரின் பணி

உங்கள் வீட்டுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் பெரும்பாலும் உங்கள் பகுதியின் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். யார் தனியாக வாழ்கிறார், யார் வெளியூர் வேலைக்குச் சென்றுள்ளார், எந்த வீட்டில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்பனவற்றை மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் மருத்துவரைவிட அவர் நன்கு அறிவார்.

அவர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதிப்பார். மருத்துவர் எழுதிய மருந்தை ஒப்படைப்பார். அளவு மிகுந்திருந்தால் மருத்துவரிடம் அனுப்புவார். மருந்தை மாற்றவோ அதன் அளவைக் கூட்டிக் குறைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. எனவே வீட்டுக்கு மருந்து வந்தாலும், மருத்துவர் குறிப்பிட்ட நாளில் நேரில் சென்று பரிசோதித்துக்கொள்வதைத் தவிர்க்கக் கூடாது.

குடும்பத்தின் பொறுப்பு

வீடு வரை வந்த மாத்திரை உட்கொள்ளப்படுகிறதா என்பதைக் குடும்பத்தினரால் மட்டுமே அறிய முடியும். அடிக்கடி நிகழும் தவறுகள் இவை:

• தலைச்சுற்றல் இருக்கும் நாளில் மட்டும் மாத்திரை உட்கொள்வது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.
• அளவு சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுவது. மருந்தை உட்கொள்வதால்தான் அளவு சரியாக இருக்கிறது.
• கணவனும் மனைவியும் ஒருவர் மாத்திரையை மற்றவர் பகிர்ந்துகொள்வது. நோய் ஒன்றாயினும் மருந்தும் அளவும் வேறுபடலாம்.
• அடுத்த மாதம் வரை வர வேண்டும் என்று பாதி மாத்திரையாக உட்கொள்வது.

மாத்திரைக்கு ஒரே நேரத்தையும் ஒரே இடத்தையும் வழக்கமாக்குங்கள். பரிசோதனை அளவுகளை ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். பெரும்பாலானோருக்கு இரத்த அழுத்தம் 140/90க்குக் கீழ் இருக்க வேண்டும். கரும்பு வெட்டுதல், செங்கல் சூளை போன்ற வேலைகளுக்காக வெளியூர் செல்வதாயின், முன்கூட்டியே தன்னார்வலரிடம் கூறி, அத்தனை நாளுக்கும் மருந்து பெற வழி கேளுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். தோல் சிவந்தாலோ புண் தோன்றினாலோ உடனே தெரிவியுங்கள்.

ஊரின் பங்கு

தன்னார்வலர் பகலில் வரும்போது வேலைக்குச் சென்ற ஆண்கள் வீட்டில் இருப்பதில்லை. இதனால் பரிசோதனையே செய்யாத ஆண்கள் ஊர்தோறும் உள்ளனர். மாலை நேரத்திலோ விடுமுறை நாளிலோ பொது இடம் ஒன்றில் பரிசோதனை நடத்த உங்கள் ஊர் கேட்கலாம். ஊராட்சி இடம் ஒதுக்கலாம். இளைஞர்கள் வீடுதோறும் தகவல் சொல்லலாம். 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு, குடிநீர் பற்றிப் பேசுவதுபோல இதையும் அங்கே பேசுங்கள். எந்தத் தெருவுக்குத் தன்னார்வலர் வரவில்லை, எந்த மருந்து தாமதமாகிறது என்று கூறினால் அது பதிவாகும். பதிவான குறையைச் சுகாதாரத் துறையிடம் கொண்டு செல்வது எளிது. குறை கூறினால் தன்னார்வலருக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மருந்து வந்து சேராததை அவரும் உங்களுடன் சேர்ந்து கூறலாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல், நெஞ்சை அழுத்தும் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் தன்னார்வலருக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியால் வந்த பக்கவாதத்துக்கு, அதைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கூறுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஏற்பட்டால், நினைவுடன் இருக்கும்போது சர்க்கரை கரைத்த நீரைக் கொடுங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

மருந்து பற்றிய ஐயங்களுக்கு 104 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம். இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டில் உள்ள மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். கணக்கைவிட மிகுதியாக இருந்தால் சில வேளை மருந்து விடுபட்டிருக்கிறது. அதற்கான காரணத்தை அவரிடம் கடிந்துகொள்ளாமல் கேட்டறிந்து, அடுத்த முறை தன்னார்வலர் வரும்போது கூறுங்கள்.